ஜீப்பின் ஸ்பிரிங் புஷ்: தேய்வை அறிதலும் மாற்றும் முறையும்

மாட்டு வண்டியில் நெடுவழி புறப்படும் உழவர், நுகத்தில் மாட்டைப் பூட்டுமுன் வண்டியின் அச்சைப் பார்ப்பது வழக்கம். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையைக் குடத்துக்குள் இடுவார். கடையாணியைக் கையால் தொட்டுப் பார்ப்பார். அதன் பின்னரே வண்டி நகரும். ஓடும் பொருளுக்கும் தாங்கும் பொருளுக்கும் இடையே உள்ள இடத்தைக் கவனிக்காதவன் நடுவழியில் நிற்க நேரும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

இன்று மாட்டு வண்டியின் இடத்தை ஜீப்பும், சிறு சரக்கு வண்டியும், டிராக்டரின் டிரெயிலரும் எடுத்துக் கொண்டுவிட்டன. ஆயின் வண்டி மை இட்ட அந்தக் கவனம் மட்டும் இவற்றோடு கூடவே வரவில்லை. டீசல் ஊற்றுகிறோம், எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறோம், டயரைப் பார்க்கிறோம். வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பவர் சிலரே. அங்கே பட்டை ஸ்பிரிங்கின் முனைகளில் மறைந்திருக்கும் புஷ் என்னும் சிறு உறுப்பைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிய வேண்டுவனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலம் முதலாக, ஜீப் என்றாலே வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று மக்கள் எண்ணும் அளவுக்கு இவ்வண்டி கிராமப் பணியோடு ஒன்றிப் போயிற்று. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்த பிறகு அதன் ஓட்டம் மேலும் பெருகியது. இன்று அலுவலகங்களில் புதிய வகை வண்டிகள் வந்துள்ள போதிலும், நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங் உடைய பழைய ஜீப்புகள் தோட்டங்களிலும் மலையோரக் கிராமங்களிலும் இன்னும் உழைத்து வருகின்றன.

புஷ் என்பது யாது?

பட்டை ஸ்பிரிங் என்பது எஃகுப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் பிணைத்த வில்லாகும். அதன் நடுப்பகுதி யூ போல்ட்டுகளால் அச்சோடு கட்டப்பட்டிருக்கும். முதல் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு முனை வண்டியின் சேசிஸ் சட்டத்தோடு ஒரு போல்ட்டினால் நேரே இணைகிறது. மற்றொரு முனை ஷேக்கிள் என்னும் இரட்டைத் தகட்டின் வழியாக இணைகிறது. பாரம் ஏறும்போது வில் தட்டையாகி நீளுமல்லவா? அந்த நீட்சிக்கு இடம் தந்து முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடுவதே ஷேக்கிளின் வேலை.

இந்த வளையத்துக்கும் அதனுள் செல்லும் போல்ட்டுக்கும் இடையில் இருப்பதுதான் புஷ். பெரும்பாலான வண்டிகளில் அது ரப்பரால் ஆனது. பல வகைகளில் ரப்பரின் உட்புறம் ஓர் இரும்புக் குழாயும், வெளிப்புறம் மற்றோர் இரும்புக் குழாயும் இருக்கும். உட்குழாயைப் போல்ட் இறுகப் பிடித்துக் கொள்கிறது. வெளிக்குழாய் வளையத்துக்குள் இறுகி நிற்கிறது. ஸ்பிரிங் அசையும்போது இவ்விரு குழாய்களும் உரசிச் சுழல்வதில்லை. நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக் கொடுத்து மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. இந்த உண்மையை வாசகர்கள் மனத்திற் பதித்துக் கொள்ள வேண்டுகிறேன். பின்னர்க் கூறப்போகும் ஒரு முக்கியமான விதிக்கு இதுவே அடிப்படை.

ஒரு ஸ்பிரிங்கிற்கு முனைகளில் இரண்டும், ஷேக்கிள் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒன்றுமாக மூன்று இடங்களில் புஷ் உண்டு. நான்கு ஸ்பிரிங்குகளுக்குமாகப் பன்னிரண்டு இடங்கள். இப்பன்னிரண்டும் சேர்ந்துதான் வண்டியின் முழுப் பாரத்தையும் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே தாங்குகின்றன.

தேய்ந்தால் என்ன ஆகும்?

புஷ் தேய்ந்தால் சத்தம் வரும், அதனால் என்ன என்று கருதுவோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினேன். அது பெருந்தவறு. பட்டை ஸ்பிரிங் உடைய வண்டியில், பாரத்தைத் தாங்குவது மட்டுமன்றி, அச்சை அதன் இடத்தில் நேராக நிறுத்துவதும் அதே ஸ்பிரிங்தான். ஆகவே புஷ் தளர்ந்தால் அச்சே இடம் பெயர்கிறது.

ஒரு கணக்கால் இதை விளக்கலாம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஸ்பிரிங்குகளின் இடைவெளி ஒரு மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். இடப்பக்க முன் ஸ்பிரிங்கின் புஷ் கரைந்து, அச்சின் இடமுனை 5 மில்லிமீட்டர் பின்வாங்குகிறது. அப்போது அச்சு 200க்கு 1 என்ற அளவில் கோணலாகிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும், சக்கரங்கள் நோக்கும் குறி 20 மீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் இடப்புறம் விலகியிருக்கும். சக்கரம் திரும்பிய நிலையிலேயே உருண்டு கொண்டிருப்பதால், வண்டி வளைந்து சென்று உண்மையான விலகல் இதனினும் மிகும். பிரேக்கை அழுத்தும்போது அச்சு பின்னோக்கி இழுபடுவதால், அந்தக் கணத்தில்தான் இக்குறை முழுமையாக வெளிப்படும். அதாவது, எந்தக் கணத்தில் வண்டி நேராக நிற்க வேண்டுமோ அதே கணத்தில் அது பக்கவாட்டில் இழுக்கும்.

நான் கற்ற பாடம்

2012ஆம் ஆண்டில் மானாவாரிப் பகுதியொன்றின் ஒன்றியத்தில் விரிவாக்க அலுவலராக இருந்தேன். அலுவலக ஜீப்பின் பராமரிப்பும் என் பொறுப்பில் இருந்தது. ஓட்டுநர் என்னிலும் மூத்தவர். "முன்பக்கம் இடது ஓரத்தில் தட்டுகிறது ஐயா, பார்த்துவிடுவது நல்லது" என்று அவர் மூன்று முறை சொன்னார். வண்டி ஓடிக் கொண்டுதானே இருக்கிறது என்ற எண்ணத்தில், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தள்ளி வைத்தேன்.

ஐப்பசி மாத மழை நாளொன்றில், மகளிர் சுய உதவிக் குழுவினர் இருவரை அவர்கள் ஊரில் இறக்கிவிடுவதற்காக ஏரிக்கரைப் பாதையில் வந்து கொண்டிருந்தோம். எதிரே ஒரு கன்றுக்குட்டி குறுக்கிட்டது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நேராக நிற்காமல் இடப்புறம் இழுத்துக்கொண்டு சென்று, கரையோரத்து மைல்கல்லில் முன்சக்கரம் மோதி நின்றது. கல்லுக்கு அப்பால் ஏரி நிறையத் தண்ணீர். எவருக்கும் காயமில்லை. குழுவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இறங்கி, மடியில் கட்டியிருந்த குழுப் பணம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, "நடந்தே போகிறோம் சார்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, இடப்பக்க முன் ஸ்பிரிங் சட்டத்தோடு இணையும் முனையில் ரப்பர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. போல்ட் வளையத்தை நேரே அறுத்துக் கொண்டிருந்தது. ஓட்டுநர் என்னைக் குறை கூறவில்லை. லாக் புத்தகத்தைத் திறந்து, மூன்று தேதிகளில் தாம் எழுதி வைத்திருந்த ஒரே வரியை எனக்குக் காட்டினார். மூன்றின் கீழும் என் கையொப்பம் இருந்தது. படிக்காமல் இட்ட கையொப்பங்கள் அவை.

வண்டியைக் கழித்துவிடலாம் என்றும் அப்போது பேச்சு எழுந்தது. பன்னிரண்டு இடங்களுக்கும் புதிய புஷ்களும் ஒரு புதிய முதல் பட்டையும் இட்ட பின், அதே ஜீப் நேராக ஓடியது. புஷ்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விலை ஒரு புதிய டயரின் விலையைவிடக் குறைவு.

தேய்வை அறியும் வழிகள்

கீழ்க்காணும் அறிகுறிகளுள் எதுவும் தோன்றினால் உடனே வண்டியின் அடியைப் பார்த்தல் வேண்டும்.

1. மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போதும், வண்டியைக் கிளப்பும்போதும், நிறுத்தும்போதும் அடியில் "டொக்" என்று ஒரு தட்டு.

2. நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக் கொண்டே இருக்க வேண்டிய நிலை.

3. பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுத்தல்.

4. டயர் ஒரு ஓரத்தில் மட்டும் விரைவாகத் தேய்தல்.

5. ஸ்பிரிங் வளையத்தைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி உதிர்தல். ரப்பர் பிதுங்கியோ வெடித்தோ காணப்படுதல்.

6. போல்ட் வளையத்தின் நடுவில் இராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருத்தல்.

இவற்றை உறுதி செய்யும் முறை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஸ்பிரிங் வளையத்துக்கும் சட்டத்திலுள்ள தாங்கிக்கும் இடையே ஒரு சிறு கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்புங்கள். நல்ல ரப்பர் சிறிது அமுங்கி உடனே மீளும். தேய்ந்த புஷ்ஷாயின் வளையம் தங்குதடையின்றி நகர்ந்து இரும்போடு இரும்பு இடிக்கும். அடுத்து, முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவு வரை இருபுறமும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கையில் இரு அளவுகளும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபட்டால் அச்சு இடம் பெயர்ந்துள்ளது என்பது பொருள்.

எல்லாத் தட்டும் புஷ்ஷினால் வருவதென்று எண்ணிவிடலாகாது. யூ போல்ட் தளர்ந்திருந்தாலும், நடுப் போல்ட் முறிந்திருந்தாலும், பட்டை உடைந்திருந்தாலும், ஷாக் அப்சார்பரின் ரப்பர் போயிருந்தாலும் இவ்வாறே ஒலி எழும். அனைத்தையும் பார்த்த பின்னரே முடிவு செய்க.

மாற்றும் முறை

இவ்வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சிறந்தது. ஆயினும் உரிமையாளரும் உறுப்பினரும் முறையை அறிந்திருந்தால்தான் வேலை செவ்வையாக நடைபெற்றதா என்று கேட்க இயலும்.

முதலாவது, பாதுகாப்பு. ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுத்தல் கூடாது. செங்கல்லையும் கருங்கல்லையும் அண்டை கொடுப்பதும் கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கெட்டித் தரையில், உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளைச் சேசிஸ் சட்டத்தின் கீழ் நிறுத்தி, பாரத்தை அவற்றின்மேல் இறக்க வேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வேண்டும்.

இரண்டாவது, முதல் நாளே போல்ட்டுகளில் படிந்த சேற்றைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் இட்டு ஊறவிட வேண்டும். மறுநாள் வேலை பாதியாகும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பிரிங்கை மட்டும் கழற்றுக. இரு பக்கத்தையும் ஒருங்கே அவிழ்த்தால் அச்சு நழுவும்.

மூன்றாவது, சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தியபின், அச்சின் கீழ் ஒரு ஜாக்கியை வைத்து, ஸ்பிரிங்கில் இழுப்பும் அழுத்தமும் இல்லாதவாறு ஏற்றி இறக்கிச் சரி செய்க. போல்ட் கையால் திருகும் அளவு இலகுவானால் அதுவே சரியான நிலை. ஷேக்கிளை முதலிலும் நிலைமுனைப் போல்ட்டைப் பின்னரும் கழற்றுக. போல்ட் இறுகி வராவிடில் கேஸ் நெருப்பை வைக்கத் துணிவோர் உண்டு. டீசல் தொட்டியும் பிரேக் குழாயும் அருகிலிருப்பதால் இது மிகுந்த ஆபத்துடையது. இரும்பு வாளால் அறுத்தெடுத்துப் புதுப் போல்ட் இடுவதே மேல்.

நான்காவது, பழைய புஷ்ஷை எடுத்தல். வளையத்தைவிடச் சற்றுச் சிறிய குழாய்த்துண்டு ஒரு புறமும், புஷ் நுழையும் அளவு பெரிய குழாய்த்துண்டு மறுபுறமும் வைத்து, வைஸில் இறுக்கினால் புஷ் நகர்ந்து வெளிவரும். நீண்ட போல்ட், நட்டு, தடித்த வாஷர் ஆகியவற்றைக் கொண்டும் இவ்வாறு இழுக்கலாம். ரப்பரைத் தீயிட்டு எரித்து எடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்புகை நச்சுடையது, மிகுந்த சூடு எஃகின் பதத்தையும் கெடுக்கும். வெளிக்குழாய் துருவேறி ஒட்டிக்கொண்டால், இரும்பு வாள் அலகை உள்ளே நுழைத்துக் குழாயை மட்டும் நீளவாக்கில் அறுத்து, உளியால் உட்புறம் மடக்கி எடுக்க வேண்டும். வளையத்தில் கீறல் விழலாகாது. அக்கீறலிலிருந்தே பிற்காலத்தில் பட்டை வெடிக்கும்.

ஐந்தாவது, வளையத்தைத் துடைத்து வெடிப்பு உண்டா என்று பார்க்க. போல்ட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அதையும் மாற்றுக. தாங்கியின் துளை நீள்வட்டமாகியிருந்தால், புதிய புஷ் இட்டும் பயனில்லை. அதையும் சீர் செய்தாக வேண்டும். தேய்ந்த போல்ட்டில் புதிய புஷ் இடுவது, கிழிந்த சாக்கில் புது நெல்லைக் கொட்டுவது போலாகும்.

ஆறாவது, புதிய புஷ்ஷை நுழைத்தல். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் ஒன்றே போதும். கிரீஸோ டீசலோ எஞ்சின் எண்ணெயோ தடவலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்து உழவர்கள் மரத்தில் பால் வடித்து எடுக்கும் அதே இயற்கை ரப்பர் பல புஷ்களில் இருக்கிறது. அது தண்ணீரைத் தாங்கும். கனிம எண்ணெயைத் தாங்காது, ஊதிப் பொதபொதத்துப் போகும். எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகும் வண்டிகளில் புஷ் விரைந்து கெடுவதும் இதனாலேயே.

ஏழாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. எல்லாப் போல்ட்டுகளையும் பூட்டி, நட்டுகளைக் கையளவு மட்டும் முடுக்கி நிறுத்துக. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இருமுறை அழுத்தி ஆட்டி அதன் இயல்பான நிலைக்கு வரவிடுக. அதன் பின்னரே நட்டுகளை இறுக்க வேண்டும். காரணம் முன்னரே கூறினேன்: ரப்பர் சுழல்வதில்லை, முறுக்குகிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், அந்தத் தொங்கிய நிலையையே ரப்பர் தன் இயல்பாகப் பிடித்துக் கொள்ளும். தரையில் இறங்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே நாள் முழுதும் நிற்கும். மேடுபள்ளத்தில் மேலும் முறுக்கிச் சில மாதங்களில் கிழியும். "புது புஷ் போட்டும் நிற்கவில்லையே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்லப்படும் குறைகளுள் பல இந்த ஒரு தவற்றால் விளைந்தவை.

எத்தனை இறுக்கம் என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ளபடி பின்பற்றுக. ஒரு வாரம் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மறுமுறை சரிபார்ப்பது இன்றியமையாதது. சக்கர நேர்மையையும் அளந்து கொள்ளுதல் நலம்.

வேறு வகைப் புஷ்கள்

டிரெயிலர்களிலும் லாரிகளிலும் வெண்கலம் முதலிய உலோகப் புஷ்ஷும் பின்னும் உண்டு. பழைய வில்லீஸ் ஜீப்பின் ஷேக்கிளில் மரையிட்ட உலோகப் புஷ் இருந்தது. இவை உரசிச் சுழலும் வகையாதலால் கிரீஸ் வேண்டும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் இடுக, ரப்பராயின் இடாதிருக்க. இந்த ஒரு வேற்றுமையை மறவாதிருத்தல் வேண்டும். கரும்பு வெட்டும் பருவம் தொடங்குமுன் ஒரு முறையும், பருவத்தின் நடுவே அடிக்கடியும் டிரெயிலர் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை ஏற்றுவது உழவர்களுக்கு நல்ல பழக்கமாகும்.

பாலியூரிதேன் என்னும் கடினப் பொருளாலான புஷ்களும் கடைகளில் கிடைக்கின்றன. இவை எண்ணெயைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் ரப்பரைப் போல அதிர்வை விழுங்குவதில்லை. நோயாளிகளையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ரப்பரே இதமானது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

மத்திய அரசு 2023ஆம் ஆண்டில் செய்த விதித் திருத்தம், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க இடமளிப்பதில்லை. வண்டிக்கு ஆயுள் வரையறுக்கப்பட்டுவிட்டதால், இனி வண்டியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று கருதுவது பிழை. புஷ்ஷுக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது; பாதையும் பாரமும் தான் தெரியும். கரடுமுரடான பாதையில் அளவுக்கு மீறி ஏற்றிய புதிய வண்டியின் புஷ், நிதானமாக ஓட்டிய பழைய வண்டியின் புஷ்ஷுக்கு முன்னரே கெட்டுவிடும்.

ஆதலின் ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவில் ஒன்றும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்றுமாக, ஊராட்சிக்கு உரிய வண்டிகளைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகம் முழுவதையும் பார்க்க ஏற்பாடு செய்க. அதனைப் பதிவேட்டில் எழுதுக. ஊரிலுள்ள டிராக்டர் உரிமையாளர்களையும் அன்று அழைத்தால், ஒருவர் வண்டியைப் பார்த்து மற்றவர் கற்றுக் கொள்வர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநரின் சொல்லுக்குச் செவி கொடுங்கள். வண்டியின் குறையை முதலில் அறிபவர் அவரே. அவர் கைகளுக்கும் இருக்கைக்கும் அது தெரிந்துவிடுகிறது. லாக் புத்தகத்தில் அவர் எழுதும் ஒரு வரியைப் படித்து, அதன் கீழ் என்ன செய்யப்பட்டது என்று எழுதிய பின்னரே கையொப்பமிடுவது என்ற வழக்கத்தை 2012 முதல் நான் கைக்கொண்டு வருகிறேன். ஏரிக்கரையில் அன்று ஒரு மைல்கல் நின்றது. எல்லாக் கரையிலும் கல் நிற்கும் என்று எண்ணி நாம் வண்டி ஓட்ட இயலாது.